"பதவி விலகு" என்று கேட்கும் சனமும் நடுவில் நிற்கும் படையும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மே 10ஆம் திகதி, பிரதமர் பதவியை முதல் நாள் விட்டுவிலகிய மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு திருகோணமலைக் கடற்படைத்தளத்துக்கு வந்திருக்கிறார் என்ற செய்தி பரவியதும், தளத்தின் முன்னால் சனம் கூடிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அவருடைய தம்பி, ஜனாதிபதி கோட்டாபயவும் கடல்வழியாக இங்கேதான் வந்தார். வாக்குப்போட்டுத் தெரிவுசெய்த தலைவரைப் போகச் சொல்வது, அதற்குள் படை நுழைவது, தெருவில் நிற்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆகியவை பற்றி ஊரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

தெரிவுசெய்யப்பட்ட ஜனாதிபதியை இடைநடுவில் போகச் சொல்வது, அவருக்கு வாக்களித்தவர்களுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா?

இல்லை. 2019 நவம்பர் 16 தேர்தலில் கோட்டாபயவுக்கு 69 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன, 52.25 வீதம். அந்த வாக்கு அவருக்கு ஐந்தாண்டுப் பதவியைக் கொடுத்தது. ஐந்தாண்டும் வாய் திறக்கமாட்டோம் என்று சனம் எழுதிக் கொடுக்கவில்லை. "போ" என்று சொல்வது அரசியலமைப்பின் 14(1)(அ) தரும் பேச்சுரிமை. பலர் சேர்ந்து நின்று சொல்வது 14(1)(ஆ) தரும் அமைதியாகக் கூடும் உரிமை. ஆனால் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது என்பதால், போவதற்கு அவருக்குச் சட்டக் கடமை வந்துவிடாது. போராட்டம் செய்வது ஒன்றுதான்: பதவியில் இருப்பதைவிடப் போவது மேல் என்று அவரையே நினைக்க வைப்பது.

சட்டப்படி ஜனாதிபதியின் பதவி எப்படி வெறிதாகும்?

அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மரணம், பிரஜாவுரிமை இழப்பு போன்றவற்றை விட்டால், நடைமுறையில் இரண்டு வழிகள்தான்: அவரே விலகுவது, அல்லது பாராளுமன்றம் குற்றப்பிரேரணை மூலம் நீக்குவது.

இரண்டாவது வழி மிக நீளமானது. பிரேரணை அறிவித்தலில் 225 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 150 பேர் கையெழுத்திட வேண்டும். பாதிக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டிருந்து, விசாரிக்கத் தக்கது என்று சபாநாயகர் திருப்திப்பட்டாலும் எடுக்கலாம். பிறகு 150 வாக்குகளால் அது நிறைவேற வேண்டும். உயர் நீதிமன்றம் விசாரித்து, குற்றம் அல்லது இயலாமை நிரூபணமானது என்று அறிக்கை தர வேண்டும். அதன்பின் மீண்டும் ஒருமுறை 150 வாக்குகள். அதிலும் காரணம் அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியது, தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகம், உடல் உள இயலாமை போன்ற வரையறைக்குள் இருக்க வேண்டும். டீசல் இல்லை, காஸ் இல்லை, உரம் இல்லை என்பதை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது கடினம். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக வந்த பிரேரணை சபாநாயகரைத் தாண்டவே இல்லை. 2020இல் ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன 145 ஆசனம் எடுத்திருந்த சபையில் இந்த வழியை நம்பியிருந்தால் 2022 முழுதும் கையெழுத்துச் சேர்ப்பதிலேயே கழிந்திருக்கும். சனம் "நீயே போ" என்று கேட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆள் நாட்டைவிட்டு ஓடினாலே போதாதா? கடிதம் ஏன் அவ்வளவு முக்கியம்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் உண்டென்றால் இதை வாசியுங்கள்.

விலகும் ஜனாதிபதி தன் கைப்பட எழுத்தில், சபாநாயகருக்கு முகவரியிட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். (பிரதமர் என்றால் கடிதம் ஜனாதிபதிக்குப் போகும். மே 9இல் மகிந்த செய்தது அதுதான்.) இராணுவத் தளபதிக்கோ, மகாநாயக்கருக்கோ, தொலைக்காட்சிக்கோ அல்ல. அந்தக் கடிதம் இல்லாதவரை, அவர் எந்த நாட்டு விமான நிலையத்தில் குந்தியிருந்தாலும் ஜனாதிபதிதான்.

2022 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. ஜனாதிபதி கோட்டாபய 13ஆம் திகதி விலகுவார் என்று சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன அறிவித்தார். 13ஆம் திகதி விடியுமுன் கோட்டாபய விமானப்படையின் அன்டனோவ் 32 விமானத்தில் மாலைதீவுக்குப் போய்விட்டார், கடிதம் வரவில்லை. பதிலாக 37(1)ஆம் உறுப்புரையின்படி, தான் நாட்டில் இல்லாத காலத்துக்குப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதில் ஜனாதிபதியாக நியமித்தார். 14ஆம் திகதி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தபிறகுதான் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அது உண்மையானதா என்று உறுதிப்படுத்தி, 15ஆம் திகதி காலையில்தான் சபாநாயகர் அறிவித்தார். இடைப்பட்ட அந்த இரண்டு நாட்களும் எவ்வளவு ஆபத்தானவை என்பது இன்னும் பலருக்கு உறைக்கவில்லை. ஜனாதிபதி வெளிநாட்டில். பதில் ஜனாதிபதியையும் சனம் போகச் சொல்கிறது. ஒழுங்கை நிலைநாட்ட என்று முப்படைத் தளபதிகளும் பொலிஸ் மா அதிபரும் அடங்கிய குழு ஒன்று வேறு. யாராவது ஒரு சீருடைக்காரர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வந்திருந்தால், தடுக்க ஒரு கடிதம்கூடக் கையில் இருக்கவில்லை.

ஆகவே எந்த நாட்டில் எந்தத் தலைவர் விலகினார் என்று கேள்விப்பட்டாலும் மூன்றைப் பாருங்கள். கடிதம் இருக்கிறதா? சட்டம் சொன்ன ஆளுக்குத்தான் போனதா? எழுதும்போது அவர் சுதந்திரமாக இருந்தாரா? மாலைதீவில் மொகமட் நஷீத் 2012 பெப்ரவரி 7இல் விலகினார். மறுநாளே, என்னை மிரட்டி எழுத வைத்தார்கள் என்றார். அந்த வழக்காடல் ஆண்டுக்கணக்கில் நாட்டைப் பிளந்தது. பங்களாதேஷில் 2024 ஓகஸ்ட் 5இல் ஷேக் ஹசீனா விலகியதை இராணுவத் தளபதி தொலைக்காட்சியில் அறிவித்தார். இரண்டு மாதம் கழித்து, விலகல் கடிதத்துக்கான எழுத்துச் சான்று தன்னிடம் இல்லை என்று அந்நாட்டு ஜனாதிபதியே சொல்லப்போய், மறுபடி தெருவில் சனம் திரண்டது.

கடிதம் வந்தபின் யார் ஜனாதிபதி?

40ஆம் உறுப்புரை: ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்யும். அதுவரை பிரதமர் பதில் ஜனாதிபதி. பிரதமர் பதவியும் வெறிதாக இருந்தால் சபாநாயகர். 2022இல் ஜூலை 16 சபை கூடி வெற்றிடம் அறிவிக்கப்பட்டது, 19 வேட்புமனு, 20 வாக்கெடுப்பு. ரணில் 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3. புதியவர் பழையவரின் மிச்சக் காலத்துக்குத்தான் இருப்பார். பொதுத்தேர்தல் தானாக வராது. தெருவில் நின்றவர்கள் பலர் இதை எதிர்பார்க்கவில்லை. ஏமாற்றமும் அங்கேதான் தொடங்கியது.

ஏன் இரண்டு பேரும் திருகோணமலைக்கே வந்தார்கள்?

வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். கடற்படைத்தளம் உட்துறைமுகத்தைத் தழுவி நிற்கும் நிலமுனையில் இருக்கிறது. தரைவழியாக அதன் வாசலை அடைக்க ஆட்கள் கொஞ்சம்பேர் போதும். கடல் பின்னால் திறந்தே கிடக்கிறது. ஆழம் கூடிய இயற்கைத் துறைமுகம் என்பதால் பெரிய கப்பல் நேராக வரலாம். துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடாவில் விமானப்படையின் ஓடுபாதை. 1957இல் பிரித்தானியர் விட்டுப்போனதிலிருந்து கடற்படையின் கையில் இருக்கும் இடம். கிழக்குக் கட்டளைத் தலைமையகமும் இங்கேதான். மகிந்த தளத்தில் இருப்பதை அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன மறுநாளே ஒப்புக்கொண்டார்.

2022இல் படை சனத்தின் பக்கம் நின்றதா, அரசின் பக்கம் நின்றதா?

இரண்டு பக்கமும் இல்லை, இரண்டு பக்கமும் உண்டு. மே 9இல் பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட மகிந்தவின் ஆதரவாளர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக்காரர் போட்டிருந்த கூடாரங்களை அடித்து நொறுக்கியபோது பாதுகாப்புத் தரப்பு உரிய நேரத்தில் தடுக்கவில்லை. அதற்குப் பழிவாங்கலாக நாடெங்கும் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவையில் பொலன்னறுவை எம்பி அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டார். மறுநாள், பொதுச் சொத்தைக் கொள்ளையிடுவோரையும் உயிருக்குத் தீங்கு செய்வோரையும் சுடலாம் என்று பாதுகாப்பு அமைச்சு படைக்கு உத்தரவு கொடுத்தது. ஜூலை 9இல் படை கூட்டத்தின்மீது பெரும் துப்பாக்கிச் சூடு நடத்தவில்லை. தலைவரைப் பின்வழியால் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றியது. புதிய ஜனாதிபதி சத்தியப்பிரமாணம் செய்த மறுநாள், ஜூலை 22 விடியற்காலை, அதே படை கூடாரங்களைப் பிடுங்கியது. அன்று மதியம் தாங்களே இடத்தைக் காலிசெய்வதாகப் போராட்டக்காரர் சொல்லியிருந்தும் இது நடந்தது.

சுருங்கச் சொன்னால், அது ஆட்சியைக் கைப்பற்றவில்லை என்பது உண்மை. அதற்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்பது உண்மையல்ல. சட்டத்துக்குக் கீழே நிற்பது படையின் கடமை.

"ஆமியே பொறுப்பெடுத்துத் திருத்தினால் நல்லது" என்று சிலர் சொல்கிறார்களே?

எகிப்தில் இதையே சொன்னார்கள். மொகமட் முர்சி 2012 ஜூனில் 51.73 வீத வாக்குகளால் வந்தவர். ஒரு வருடத்துக்குள் மின்வெட்டு, எரிபொருள் தட்டுப்பாடு, தன் ஆணைகளை நீதிமன்றம் தொட முடியாது என்று 2012 நவம்பரில் அவர் போட்ட பிரகடனம், சனம் கொதித்தது. 2013 ஜூன் 30இல் தெருக்கள் நிரம்பின. கோரிக்கை முறையானதுதான்: முன்கூட்டிய தேர்தல் வை. ஜூலை 1இல் இராணுவம் 48 மணிநேரக் கெடு விதித்தது. தஹ்ரீர் சதுக்கத்துக்கு மேலால் கொடி கட்டிய ஹெலிகொப்டர்கள் பறந்தன, சனம் கைதட்டியது. முர்சி விலக மறுத்தார். ஜூலை 3இல் ஜெனரல் அப்துல் பத்தா அல்சிசி அரசியலமைப்பை இடைநிறுத்தி, நீதியரசர் அத்லி மன்சூரை இடைக்காலத் தலைவர் ஆக்கினார்.

அதன்பின் வந்தவை: ஓகஸ்ட் 14இல் ரபா சதுக்கத்தில், ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் கணக்கின்படி, ஒரே நாளில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டனர். நவம்பரில் ஊர்வலத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. முர்சிக்கு எதிராகத் தெருவில் நின்ற இளைஞர்களில் பலரும் அதே சட்டத்தில் சிறை போனார்கள். 2014இல் சிசி ஏறத்தாழ 97 வீத வாக்குகளால் "தெரிவு" செய்யப்பட்டார். சனம் கேட்ட முன்கூட்டிய தேர்தல், போட்டியுள்ள தேர்தலாக வரவே இல்லை. கெடு விதித்தவர் சனமாக இருந்தவரை பிடி சனத்தின் கையில் இருந்தது. கெடுவை இராணுவம் எடுத்துக்கொண்ட அந்த 48 மணிநேரத்தில் பிடி கை மாறியது.

இந்த ஊருக்கு எகிப்து உதாரணம் தேவையே இல்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை கடற்கரையில் நின்ற ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைதான விசேட அதிரடிப்படையினர் 12 பேரும் பொலிஸ் அதிகாரி ஒருவரும் 2019 ஜூலையில் சான்று போதாது என்று விடுவிக்கப்பட்டனர். சீருடையைக் கணக்குக் கேட்க முடியாத இடத்தில் அதற்கு ஆட்சியையும் கொடுப்பது எப்படி?

அப்படியானால் 2022இல் திருகோணமலைத் தமிழர் ஏன் பெரிதாக இறங்கவில்லை?

பசி எல்லாருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன, எண்ணெய்த் தாங்கிகள் நிறைந்த சீனக்குடாவுக்குப் பக்கத்திலேயே பெற்றோலுக்கு வரிசை. ஆனாலும் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. தெற்கில் பிடிபட்டவர் பெரும்பாலும் பிணையில் வருவார். இங்கே பிடிபட்டவருக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்பது நாற்பது வருட அனுபவம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் இந்த ஊரிலும் தெருவில் இருந்தார்கள். அப்போது தெற்கிலிருந்து வந்த குரல் கொஞ்சம். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை போன நடைபயணத்தைப் பெயர் குறித்த நீதிமன்றத் தடையுத்தரவுகளால் மறிக்கப் பார்த்தார்கள்.

ஒன்றையும் மறக்கக்கூடாது. 2022 மே 18இல் காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. அதே வருட ஓகஸ்டில் பல்கலைக்கழக மாணவர் தலைவர்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்து வைத்தபோது, அந்தச் சட்டம் என்னவென்று தெற்குக்கும் விளங்கத் தொடங்கியது.

ஊர்வலம் போக பொலிஸ் அனுமதி வேண்டுமா?

அனுமதி அல்ல, அறிவித்தல். இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருங்கள். வாசலிலேயே பாதிச் சண்டை இதில்தான் வரும். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, ஊர்வலம் தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது ஆறு மணிநேரம் முன்னர் அறிவிக்க வேண்டும். எழுத்தில் கொடுங்கள். தொடங்கும் இடம், நேரம், போகும் வீதிகள், முடியும் இடம், ஏறத்தாழ எத்தனை பேர், பொறுப்பாளர் இருவரின் பெயரும் தொலைபேசியும். இரண்டு பிரதி, ஒன்றில் திகதி, நேரம், முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலிலும் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஆறு மணிநேரம் என்று சட்டம் சொன்னாலும் இரண்டு நாள் முன்பே கொடுப்பது புத்தி. தடை வந்தால் சட்டத்தரணியைப் பிடிக்க நேரம் இருக்கும்.

பொது ஒழுங்குக்காக ஊர்வலத்தைத் தடைசெய்யவோ நிபந்தனை போடவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குத்தான் அதிகாரம். ஒலிபெருக்கிக்கு வேறாக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் ஊர்வலத்தை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பறிப்பார்கள், அதிலிருந்து தள்ளுமுள்ளு தொடங்கும்.

நீதவான் தடையுத்தரவு, பெரும்பாலும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழ் வருவது, 14 நாளுக்கு மேல் நிற்காது. அதை வாசித்துப் பாருங்கள்: பெயர் குறித்தவர்களுக்கு மட்டுமா, எந்த வீதிக்கு, எந்தத் திகதிவரை? உத்தரவை மாற்றக் கோரி அதே நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மீறிப் போகாதீர்கள், ஊர்வலம் போகும், வழக்கு நிற்கும்.

கடற்படைத்தள வாசலிலோ கோட்டை வாசலிலோ நிற்கலாமா?

பொது வீதியில் அமைதியாக நிற்கலாம். தடுப்பைத் தள்ளுவது, மதிலில் ஏறுவது, உள்ளே கல் எறிவது, வாகனம் உள்ளே போகாமல் படுப்பது, இவற்றில் ஒன்று போதும். ஆயுதம் தாங்கிய காவலாளி சுடுவதற்குச் சட்டக் காரணம் தேடத் தொடங்குவார். வாசலுக்கும் முன்வரிசைக்கும் இடையில் குறைந்தது ஐம்பது அடி வெளி விடுங்கள். பின்னால் இருப்பவர் முன்னேறும்போது முன்வரிசை தானாகத் தள்ளப்படும். ஆகவே நிறுத்துகிறவர்கள் பின்னால்தான் நிற்க வேண்டும், முன்னால் அல்ல. பிரெட்ரிக் கோட்டைக்குள் முகாமும் உண்டு, கோணேசர் கோவிலுக்குப் போகும் பாதையும் அதுதான். பூசைக்குப் போகிற சனத்தோடு கூட்டம் கலந்தால் யாரைக் காப்பது என்று தெரியாமல் போகும்.

ஹர்த்தாலுக்குக் கடை பூட்டாவிட்டால் குற்றமா?

இல்லை. பூட்டச் சொல்லி மிரட்டுவதுதான் குற்றம்.

அவசரகால நிலையும் ஊரடங்கும் வந்தால் உரிமை எல்லாம் போய்விடுமா?

குறையும், போகாது. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி பிரகடனம் செய்யலாம். 14 நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கப் புதுப் பிரகடனம் வேண்டும். 2022 ஏப்ரல் 1இல் வந்தது 5ஆம் திகதி இரவே திரும்பப் பெறப்பட்டது. ஜூலை 17இல் ரணில் செய்த பிரகடனம் அடிப்படை உரிமையை மீறியது என்று 2025 ஜூலை 23இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. மூன்று வருடம் எடுத்தது. ஆனாலும் வழக்குப் போட்டவர்கள் போட்டதால்தான் அந்தத் தீர்ப்பு சட்டமாக நிற்கிறது. ஊரடங்கு நேரத்தில் வெளியே நிற்பது தனியான குற்றம். நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அன்று வீட்டில் இருங்கள்.

கண்ணீர்ப்புகை அடித்தால்?

முதலில் காற்றைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும்; மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்றுத் திரும்பும். கச்சான் அடிக்கும்போது கடற்கரைப் பக்கம் ஓடினால் புகை கூடவே வரும், முன்னால் தண்ணீர். காற்று வருகிற பக்கமாகவோ குறுக்காகவோ நடவுங்கள்; ஓடினால் மூச்சு அதிகம் இழுக்கும்.

கண்ணைக் கசக்கக்கூடாது. சுத்தமான தண்ணீரால், தலையைச் சரித்து, மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ஒருவருக்கு ஒரு லீற்றராவது வேண்டும். பற்பசை, எலுமிச்சை, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். எண்ணெய், புகையில் உள்ள மருந்தைத் தோலில் ஒட்டவைக்கும். கொன்டக்ட் லென்ஸ் போட்டு வராதீர்கள். குண்டைக் கையால் தொடாதீர்கள், கொதிக்கும். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலர் இல்லாமல் வரவே கூடாது. மூச்சுத்திணறல் குறையாவிட்டால் 1990 அம்புலன்ஸ். 2022 ஜூலை 13இல் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் கண்ணீர்ப்புகைக்குப் பின் மூச்சுத்திணறி ஓர் இளைஞர் இறந்தார்.

பிடித்துக்கொண்டு போனால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்?

பிடிபடுகிறவர் சத்தமாகத் தன் முழுப்பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் வாகன இலக்கம், நேரம், இடம், பிடித்தவரின் சீருடை எது என்று குறிக்க வேண்டும். பொலிஸா, இராணுவமா, கடற்படையா என்பது பிறகு மிக முக்கியம். படையினர் பிடித்தால் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. சாதாரணச் சட்டத்தில் பிரயாண நேரம் நீங்கலாக 24 மணிநேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 72 மணிநேரம்; தடுப்புக்கட்டளை போட்டால் ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை.

வாக்குமூலத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழாக இருந்தும், பல நிலையங்களில் சிங்களத்தில் எழுதிவிட்டு "இங்க ஒரு சைன் வையுங்க" என்பார்கள். வாசிக்கத் தெரியாததில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள். வைக்கத்தான் வேண்டியிருந்தால், பெயருக்கு மேலே "எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதிவிட்டு வையுங்கள். அடிபட்டிருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி நீதவானிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். காயம் ஆறியபின் கேட்டால் அறிக்கையில் ஒன்றும் இருக்காது.

எங்கே முறையிடுவது, எத்தனை நாளுக்குள்?

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அவசர இலக்கம் 1996. அடிப்படை உரிமை மனுவை 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுப் பிரதியை மட்டும் காட்டினால் போதாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணை உண்மையாகவே நடந்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும். ஆகவே ஆணைக்குழுவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும், அவர்கள் கூப்பிட்ட திகதிகளையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். 9ஆம் திகதி அடிபட்டவர், அடுத்த மாதம் 8ஆம் திகதி சட்டத்தரணியைத் தேடத் தொடங்கினால், கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸிலேயே அவருடைய மாதம் முடிந்துவிடும்.